இரட்டைக்கிளவி

காலை நாலு மணிக்கு
ஹாகன் நகரில் முதலில் வாய் திறப்பது என் கார்.
டொக்டொக்.
மேட்டில் ஏறினால் டொக்டொக்.
நடைபாதை விளிம்பில் ஒரு சில்லை ஏற்றி நிறுத்தி
பத்திரிகைக் கட்டோடு ஓடிப்போய் வந்து
மறுபடி இறக்கினால் டொக்டொக்.
பதினேழாம் இலக்கக்காரர்
தபால்பெட்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தார்:
"பத்திரிகை வேண்டும். மேளம் வேண்டாம்."

கௌரிபாலனிடம் சொன்னேன்.
றேடியோவைக் கூட்டிவிட்டு
"இப்ப கேக்குதோ?" என்றார்.
அவரிடம் எல்லா வருத்தத்துக்கும் அந்த ஒரு மருந்துதான்.

இலக்கத் தகட்டின் வட்டச் சீட்டு
அடுத்த மாதம் காலாவதி.

பெருந்தெரு ஓரத்துப் பெரிய கராஜில்
கோப்பி இயந்திரம், தோல் சோபா,
கடைவாய்ப் பல்வரை சிரிக்கும் ஒரு பொடியன்.
காரைத் தூக்கிப் பார்க்கவில்லை. கணினியைத் தட்டினான்.
ஷொக் அப்சோர்பர் இரண்டு,
கொன்ட்ரோல் ஆர்ம் இரண்டு,
பிறகு சில்லு நேராக்க வேண்டும்,
எண்ணூற்று நாற்பத்தாறு யூரோ.
இந்த கோர்சாவை வித்தாலும் அவ்வளவு வராது
என்று நான் சொல்லவில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
ஜேர்மன் மொழியில் எனக்குப் பிழையில்லாமல் வரும் வசனம் அது.

போல்மனின் கராஜ் ரயில்பாலத்துக்குக் கீழே.
பலகையில் முதலெழுத்து விழுந்து
ஐந்து வருசமாய் அவர் ஓல்மன்.
"என்ன மாதிரிச் சத்தம்?"
வாடகை வீடு, பல்வைத்தியர், மன்னிப்புக் கடிதம்
எல்லாம் வகுப்பில் படிப்பித்தார்கள்.
முன் இடது சில்லு முனகுவதற்குப் பாடம் இல்லை.
வாயால் அடித்துக் காட்டினேன்.
எண்ணெய்க் கையைத் துடைத்தபடி
"க்ளொங்?" என்றார்.
இல்லை.
"க்நிர்ஷ்?"
அதுவும் இல்லை ஐயா,
நறநற என்றால் பிறேக் தேய்ந்திருக்கும்,
கரகர என்றால் பெயரிங்,
சளசள என்றால் அது நான்.
இது டொக்டொக்.
தொழில் பழகும் பெண் நுரான்
காருக்கடியிலிருந்து தலையை நீட்டி
துருக்கியில் "தக் தக்?" என்றாள்.
கிட்ட வந்துவிட்டோம்.

போல்மன் ஓட்டினார், நான் பக்கத்தில்.
றேடியோவை அவராகவே நிறுத்தினார்.
கார், என்னத்தைச் சொல்ல,
அதிபர் அறைக்குள் போன பிள்ளைபோல
கைகட்டி வாய்பொத்தி ஓடியது.
கல் பாவிய தெருவிலும் மூச்சில்லை.
திரும்பும் வழியில்
சரக்கு ரயில் தண்டவாளம் கடக்கையில்
ஒரே ஒரு
டொக்.

எட்டாம் வகுப்பு இலக்கணம் வந்து தொலைத்தது:
இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது.
ஒற்றை டொக்கை வைத்து
எந்த மனிதன் எதை நம்புவான்?
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
விரலைத் தூக்கி என்னை நிறுத்தினார்.
அதே தண்டவாளத்தை இன்னொருமுறை.
இன்னொருமுறை.
பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்னில் குந்தியிருந்தான்.
ஆறாம் தரம்
மற்ற டொக்கும் வந்தது.
கோழிக்கள்ளனைக் கையோடு பிடித்த மாதிரி
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஸ்டெபிலைசர் தடி. என் சுண்டுவிரல் தடிப்பு.
தூக்கிய காருக்கடியில் நுரான் ஆட்டிக் காட்டினாள்,
விழப்போகும் பால்பல்போல ஆடியது.
அறுபத்தெட்டு யூரோ, கையால் எழுதிய சீட்டு,
கழற்றிய தடியும் ஒரு பாண் பைக்குள்.
"அப்ப ஷொக் அப்சோர்பர்?"
"அது என்னையும் உங்களையும் விட அதிக நாள் இருக்கும்."

இன்று காலை பதினேழாம் இலக்கத்தில்
வெளிச்சம் எரியவில்லை.
பத்திரிகையைப் போட்டுவிட்டு
கார் எடுத்த சத்தம் எனக்கே கேட்கவில்லை.
இவ்வளவு அமைதியில்தான் கேட்டது,
பின்பக்கம், வலது,
ஒரு கிணு.

மற்றது வரட்டும் என்று
றேடியோவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.